திறக்காத பாலமும் பிடிக்காத பிரேக்கும்

செல்வகுமாரி, வயது 31, க/பெ புகழ்வேந்தன், மாரியம்மன் கோயில் தெரு, சோரியாங்குப்பம், பாகூர் கொம்யூன் என்கிற நான், இன்று காலை நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் கேட்க, ஏட்டு எழுத, சொல்வது பின்வருமாறு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர், மாமியார் தையலம்மாள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பாகூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் பாலத்திலிருந்து இறங்கும்போது விழுந்து, தோளில் காறை எலும்பு முறிந்தது. அந்தப் போர்டின் பிரேக்கை நான்தான் கெடுத்து வைத்தேன், அவரைக் கொல்லப் பார்த்தேன் என்று என் மாமியார் புகார் கொடுத்திருக்கிறார். அதை எழுதிக் கொடுத்தது என் கணவரின் கூட்டாளி மணிபாரதி என்பது எனக்குத் தெரியும். என் மாமியார் பேச்சில் 'பிரேக்கிங் சிஸ்டம்' என்ற வார்த்தை வராது. கேஸ் பதிவானால் என் வேலை போகும். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வேன், புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி இருப்பது? ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். நடுவில் "விஷயத்துக்கு வாம்மா" என்று சொல்லக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

லாங்போர்டு என்பது நீளமான பலகை, அடியில் நான்கு சக்கரம். இடது காலைப் பலகையில் வைத்து, வலது காலால் தரையை உதைத்துப் போக வேண்டும். நிறுத்துவதும் அந்தக் காலால்தான், ஷூவைத் தரையில் தேய்த்து. அதனால் எங்களுக்கு வலது ஷூ மட்டும் தேய்ந்து போகும். புதுசு போல இருக்கும் இடது ஷூக்கள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை கிடக்கின்றன. அந்த மூட்டையைப் பற்றி என் மாமியார் தெருவில் பேசாத நாள் கிடையாது. நான் கல்லூரியில் படிக்கும்போது புதுச்சேரி கடற்கரைச் சாலையில், வண்டி விடாத நேரத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு பாகூரில் எங்களுக்கென்று ஒரு குழு உண்டானது. தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் பலராமன் அண்ணன்தான் அதற்குத் தலைவர்.

எலக்ட்ரிக் போர்டும் பலகைதான். ஆனால் அடியில் மோட்டாரும் பேட்டரியும் இருக்கும், கையில் ரிமோட் இருக்கும். கட்டை விரலை முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். காலுக்கு ஒரு வேலையும் இல்லை. இதைச் சொன்னபோது ஏட்டு அவர்கள், "அப்போ அது நல்லதுதானேம்மா?" என்றார். எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள், அதனால்தான் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்று பதில் சொன்னேன்.

என் கணவர் முதலில் எங்கள் குழுவில்தான் சேர்ந்தார். நான்தான் அவருக்கு உதைக்கவும், காலைத் தேய்த்து நிறுத்தவும் சொல்லிக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கல்யாணம். தாலி கட்டும் வரைக்கும் காலால் தள்ளினார். கட்டி ஒரு வருஷம் ஆவதற்குள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. பிரித்தால் மோட்டார் போர்டு. "வயசாவுதுல்ல செல்வி" என்றார். அப்போது அவருக்கு முப்பது. குடித்துவிட்டு வந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அதன் பிறகு அவர் வில்லியனூரில் இருக்கும் எலக்ட்ரிக் குழுவில் சேர்ந்துவிட்டார். அங்கே செல்போன் கடையில் வேலை பார்க்கும் மணிபாரதிதான் அந்தக் குழுவுக்கு எல்லாம்.

நாங்கள் அவர்களை 'ரிமோட்டு' என்போம். அவர்கள் எங்களை 'மூட்டுவலி சங்கம்' என்பார்கள். மோட்டார் வைத்ததைப் போர்டு என்று சொல்லக் கூடாது, வண்டி என்றுதான் சொல்ல வேண்டும் என்று பலராமன் அண்ணன் கூட்டம் போட்டு முடிவு செய்தார். எங்களுக்குள் எதிரில் ஒருவர் வந்தால் கை தூக்குவது வழக்கம். அவர்களுக்கு நாங்கள் கை தூக்கினால் திரும்பத் தூக்க மாட்டார்கள். கையில் ரிமோட் இருக்கிறது, விட்டால் விழுந்துவிடுவோம் என்று என் கணவர் சொன்னார். இன்னொரு கை எதற்கு இருக்கிறது என்று கேட்டேன், அது பேலன்ஸுக்கு என்றார். வீட்டில் இதைப் பேசித் தோசை கருகிய நாட்கள் உண்டு. எங்கள் வீட்டில் வேறு சண்டை கிடையாது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் வயல்தான், தரை தட்டையாகத்தான் இருக்கும். சரிவு என்று ஒன்று வந்தது புது மேம்பாலம் கட்டிய பிறகுதான். பாலம் முடிந்தும் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்காததால், இரண்டு முனையிலும் தார் டிரம் வைத்து மறித்திருக்கிறார்கள். வண்டி வராத நல்ல சிமெண்ட் ரோடு. ஆகையால் மேலே நாங்களும் அவர்களும், கீழே நெல் காய வைக்கிறவர்களும் என்று பாலம் திறக்காமலே உபயோகத்தில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம், இறங்கியவர் மறுபடி இறங்க வேண்டுமானால் போர்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துதான் மேலே ஏற வேண்டும். நாங்கள் வியர்த்து ஏறும்போது ரிமோட்டுகள் பக்கத்தில் சர்ரென்று ஏறிப் போவார்கள். மணிபாரதி ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டும்போது, "வரட்டாக்கா?" என்பான். அவனை அடிக்கவில்லை, அதற்காகவே என் மேல் கேஸ் போடாமல் இருக்கலாம்.

போன மாதம் இரண்டு குழுவுக்கும் ஒரு பந்தயம் நடந்தது. பாலத்து உச்சியிலிருந்து புறப்பட்டு, கீழே போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டில் யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவர் ஜெயித்தவர். கோட்டைத் தாண்டி ஓடினால் தோல்வி. எங்கள் பக்கம் நான், அவர்கள் பக்கம் என் கணவர். அவர் ரிமோட் பாதியில் விட்டு விட்டு வேலை செய்ததால் நான் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து அவர், "சார்ஜ் கம்மி, அதான்" என்றார். மறுநாளும் சொன்னார். மாமியாரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார். நான் ஜெயித்ததே இல்லை, பேட்டரிதான் தோற்றது என்று ஆகிவிட்டது. ஆகவே மறுபடி வைத்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய போர்டை நானே எடுத்து சார்ஜில் போட்டேன். பச்சை விளக்கு எரியும் வரை விட்டேன். தோற்றால் சார்ஜ் மேல் பழி போடக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்குக் கிடையாது. ஸ்க்ரூ டிரைவர் தொடவில்லை. எந்த வயரையும் அறுக்கவில்லை. மறுநாள் காலை அவர் தன் ஆட்களோடு பைக்கில் முன்னால் போய்விட்டார். அதன் பிறகு நான் இரண்டு போர்டையும் ஸ்கூட்டியில் வைத்துப் பாலத்துக்குக் கொண்டு போய், தார் டிரம் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அவருடைய போர்டு கனம். மேலே ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி அவர் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் ஏறினால் சார்ஜ் குறையும், அப்புறம் அதைச் சொல்வார். ஆகையால் ஒரு கக்கத்தில் என் போர்டும் மறு கக்கத்தில் அவருடையதுமாகத் தூக்கிக்கொண்டு பாலத்து உச்சி வரை நடந்தேன். இடுப்பு விட்டுப் போயிற்று. அங்கே என் கணவரும், பலராமன் அண்ணனும், எங்கள் ஆட்களும் நின்றார்கள். எல்லார் முன்னிலையிலும் என் கணவர் கையில் கொடுத்து, "ஃபுல் சார்ஜ். ஒரு புள்ளி கொறையல. இன்னிக்கு இன்னா சொல்றீங்கன்னு பாக்கறேன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. தோல்வி பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மணிபாரதியும் அவன் ஆட்களும் கீழே கோட்டுப் பக்கம் நின்றார்கள். மோட்டார்க்காரர் காலைத் தரையில் வைத்தால் தோல்வி என்பது அன்றைய நிபந்தனை. அது அவர்களே போட்டது. தங்கள் கால் தரையில் படாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. கோட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் என் மாமியார் எங்கள் வயல் நெல்லைக் காயப் போட்டு, காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

பலராமன் அண்ணன் விசில் ஊதினார். என் கணவர் சர்ரென்று முன்னால் போனார். நான் உதைத்து, வேகம் பிடித்து, குனிந்து பின்னால் வந்தேன். பாதி இறக்கத்தில் அவர் கை ரிமோட்டில் கட்டை விரலை இழுப்பதைப் பார்த்தேன். போர்டு நிற்கவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி. வேகம் ஏறிக்கொண்டே போனது. "கால வைங்க! கால வைங்க!" என்று கத்தினேன். கீழே இருந்து மணிபாரதி கூட்டம், "வெக்காதண்ணா! வெக்காத!" என்று கத்தியது. அவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். காலை எடுக்கவே இல்லை. கோட்டைத் தாண்டி நேராக நெல்லுக்குள் போனார். நெல்லில் சக்கரம் புதைந்து போர்டு நின்றது. அவர் நிற்கவில்லை. தார்ப்பாயில் குவித்து வைத்திருந்த நெல்லின் மேல் போய் விழுந்தார். அந்தக் குவியல் இல்லையென்றால் எலும்போடு போயிருக்காது. என் மாமியார் முதலில் "எந் நெல்லு!" என்றும், அதன் பிறகு "எம் புள்ள!" என்றும் கத்தினார். இந்த வரிசையை அவர் இப்போது மறுக்கிறார். நான் போர்டிலிருந்து குதித்து ஓடினேன். என் கணவரைப் புரட்டிப் பார்த்தபோது மூக்கில், காதில் எல்லாம் நெல். "பிரேக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் என் மேல் இவ்வளவும். ராத்திரி முழுக்கப் போர்டு யாரிடம் இருந்தது, என்னிடம். யார் கொண்டு வந்தது, நான். மோட்டார் போர்டு என்றால் யாருக்கு ஆகாது, எனக்கு. எல்லாவற்றையும் மணிபாரதி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என் மாமியாரிடம் கூட்டிச் சொன்னான். அவர் என்னைப் பார்த்து, "பலவைய கழட்டிப்புட்டு எம் புள்ளைய பாடையில ஏத்தப் பாத்தியாடி?" என்றார். நான் அவருக்கு மருமகளாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை டி போட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது சுருக்கென்றது. அதன் பிறகு என்னை வார்டுக்குள் விடவில்லை.

திங்கட்கிழமை போலீசார் அந்தப் போர்டைக் கைப்பற்றி நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் யார் யாரோ ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். புதன்கிழமை என்னை வரவழைத்தார்கள். ஏட்டு அவர்கள் பிரேக் வயர் எங்கே என்று கேட்டார், அதற்கு வயரே கிடையாது என்றேன். அதன் பிறகு ஏட்டு அவர்களே அதில் ஏறி, நிலைய வாசலில் ஓட்டி, ரிமோட்டை இழுத்தார். பிரேக் நன்றாகப் பிடித்தது. போர்டு நின்றது, ஏட்டு அவர்கள் நிற்காமல் வேப்பமரம் வரை போய் விழுந்தார். இதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னேன். கெடுத்து வைத்த பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன். நானே திரும்பச் சரி செய்திருப்பேன் என்று மணிபாரதி சொன்னதாகப் பதில் வந்தது.

நேற்று மாமியார் சோறாக்க வீட்டுக்குப் போன நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர் தோளில் கட்டோடு படுத்திருந்தார். நான் பேசுவதற்கு முன்னாலேயே, "பிரேக் புடிக்காதுன்னு எனக்குப் பாலத்து மேலயே தெரியும் செல்வி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாங்க சொல்றீங்க?" என்றேன்.

அவர் சொன்னது இது. இந்தப் போர்டில் பிரேக் போட்டால் மோட்டார் கரண்டைத் திருப்பிப் பேட்டரிக்குள் அனுப்பும். பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால் வாங்காது, நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. அப்போது பிரேக்கும் விட்டுப் போகும். கொஞ்ச தூரம் சமதரையில் ஓட்டி சார்ஜைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். எலக்ட்ரிக் குழுவில் எல்லாருக்கும் இது தெரியுமாம். சரிவில் இறங்கும் முன் சத்தமில்லாமல் ஒரு சுற்று ஓட்டிக்கொள்வார்களாம். எங்கள் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்களாம்.

"தெரிஞ்சுமா எறங்கனீங்க?" என்று கேட்டேன்.

"நீ எல்லார் முன்னாடியும் ஃபுல் சார்ஜ்னு சொல்லிட்ட. இருங்க, கொஞ்சம் ஓட்டிக் கொறச்சினு வரேன்னு பலராமன் அண்ணன் மூஞ்சிய பாத்து எப்புடி சொல்றது? ஆயுசுக்கும் சிரிப்பாரு."

"சரி, கால வெச்சிருக்கலாம்ல? நான்தான கத்துக்குடுத்தேன்? கத்தினேன்ல?"

"கீழ எங்க ஆளுங்க நின்னாங்க."

மேலே எங்கள் ஆட்கள், கீழே அவர்கள் ஆட்கள், நடுவில் என் புருஷன் உயிர். "நீங்க இன்னா லூசாங்க?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

என் கணவர், "அது மட்டும் இல்ல. நீ அத தூக்கினு வந்த. மோட்டார் போர்ட தொடக்கூட மாட்ட, அன்னிக்கு மூச்சு வாங்க மூச்சு வாங்க தூக்கினு வந்து கையில குடுத்த. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

நான் அழுதேன். ஏட்டு அவர்கள் இதை 'மனவேதனை அடைந்தேன்' என்று எழுதினார். அழுதேன் என்றே எழுதும்படி சொன்னேன்.

அதன் பிறகு அங்கிருந்தே மணிபாரதிக்குப் போன் செய்து, "ஃபுல் சார்ஜ்ல பிரேக் புடிக்காதுன்னு உனக்குத் தெரியும்தான?" என்று கேட்டேன். "அத நாங்க வெளிய சொல்றது இல்லக்கா" என்றான். "அதுக்கு என்னைய ஜெயிலுக்கு அனுப்புவியாடா?" என்றேன். "அண்ணனே சொல்லிடுவாருன்னு இருந்தேன்க்கா" என்றான். அவனை நான் திட்டிய வார்த்தைகளை இங்கே சொல்லவில்லை, கேட்டால் சொல்வேன்.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போலீசுல சொல்லிடு. பலராமன் அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். அது எப்படி முடியும் என்று கேட்டேன். அதற்கு அவர், "நீ எம் போர்டுல இட்லி மாவு வாங்கப் போனத நான் யார்கிட்டனா சொன்னனா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்தில் ஸ்கூட்டி பஞ்சராகி நின்ற அன்று, அவர் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போனேன். பலகையில் ஒரு சொட்டு மாவு காய்ந்திருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். ஏரிக்கரை மேட்டில் ஒரு உதை இல்லாமல் ஏறினேன். நன்றாகத்தான் இருந்தது. ஒன்று விடாமல் சொல்வதாகச் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிட்டேன்.

ஆகவே பிரேக்கை நான் கெடுக்கவில்லை. முழு சார்ஜ் போட்டதும், தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததும் நான்தான். அதற்கு என்ன சட்டமோ அதைச் செய்யுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, சாட்சிக் கையெழுத்துக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எனக்காகப் பலராமன் அண்ணன் காலையிலிருந்து வாசலில் நிற்கிறார். சாட்சி போடுகிறவர் முழுவதும் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அப்படியானால் அவர் வேண்டாம் என்றேன். வேறு ஆள் இல்லையென்றால் புகார் அப்படியே நிற்கும், நாளைக்கும் வர வேண்டும் என்றார். நிற்கட்டும் என்றேன். நாளைக்கும் வருகிறேன், மறுநாளும் வருகிறேன், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், என் புருஷனைப் பார்த்துப் பலராமன் அண்ணன் சிரிக்கக் கூடாது என்றேன்.

அப்போது புகார் கொடுத்த என் மாமியார் உள்ளே அழைக்கப்பட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஏட்டு அவர்கள் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். வாசல் கதவைச் சாத்தச் சொன்னேன், சாத்தினார்கள். கேட்டு முடித்து என் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுங்கய்யா, நானே சாட்சி வெக்கிறேன்" என்றார். புகாரை என்ன செய்வது என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, "அத கிழிச்சிட்டு, எம் புள்ளயும் லூசு, எம் மருமவளும் லூசுன்னு எழுதுங்க. அதுக்கும் ஒரு கைநாட்டு வெக்கிறேன்" என்றார்.

சொன்னது சொன்னபடி எழுதப்பட்டுப் படித்துக் காட்டப்பட்டது, யாருக்கும் பயந்தோ யார் தூண்டியோ சொல்லவில்லை, எல்லாம் நடந்தது நடந்தபடியே என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செல்வகுமாரி

சாட்சி: தையலம்மாள், இடது பெருவிரல் ரேகை இரண்டு.